நார்மல் என்று வந்த மூச்சு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘ஊதக்கா’ என்று பெயர். மூன்றாவது மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் போர்வைகள் அடுக்கிய அலமாரிக்கும் நடுவில் இருக்கிறது நுரையீரல் பரிசோதனை அறை. அங்கே உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் ஊத வைப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் பார்க்கிற வேலை. மூக்கை கிளிப் போட்டு அடைத்து, வாயில் அட்டைக் குழாயைக் கவ்வக் கொடுத்து, "நல்லா உள்ள இழுங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்டுடாதீங்க!" என்று அவள் போடுகிற கூச்சல் மாடிப்படி வரைக்கும் கேட்கும். புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் ஒருவர், யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்று நினைத்து முதல் நாளே மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்தது வந்துவிட்டார் என்று அவரையும் உட்கார வைத்து ஊதச் சொன்னாள்.

இந்த வேலைக்கென்று அவள் படித்தவள் இல்லை. கீழே பழைய நோயாளிகளின் ஃபைல்களை எடுத்துக் கொடுக்கும் பிரிவில்தான் முதலில் இருந்தாள். மேலே இருந்த டெக்னீஷியன் ஓய்வு பெற்றபோது நெஞ்சு டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்குச் சத்தமாப் பேச வருமா?" அவள் குடும்பத்தில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் எழும்புகிற கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். லீவுக்காக மெதுவாக ஊதுகிறவர் யார், ரோஷத்துக்காக முழு மூச்சையும் கொட்டுகிறவர் யார், இரண்டாவது ஊதலிலேயே களைத்துப்போகிறவர் யார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று ஊதலும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக விழ வேண்டும். இல்லாவிட்டால் ஆளை விடமாட்டாள். அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை டாக்டரம்மா திருப்பிப் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டில் மூன்று பேர். அவள், லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், பதினைந்து வயது மகள். இருந்தது நாலாவது மாடி. ஊரில் பாதி லிஃப்டுகளைப் பழுது பார்க்கிற மனுஷன் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் வேறொரு கம்பெனிக்காரன் பராமரிப்பில் இருந்தது. மாதத்தில் நாலு நாள் அது படுத்துக்கொள்ளும். "கைய வெச்சா கேஸ் போட்டுடுவான்" என்று சொல்லிக்கொண்டே அவர் கருவிப் பையோடு படியேறுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள்.

மகள் முதன்முதலில் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பள்ளியில் தொடர் ஓட்டக் குழுவில் இருந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, ஓடி முடிச்சா நெஞ்சு அடைக்குது. யாரோ மேல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாளே கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கிளிப் மாட்டி, குழாய் கொடுத்து, மற்றவர்களிடம் போடுகிற கூச்சலைப்போல இரண்டு மடங்கு போட்டாள். மூன்று ஊதலும் அச்சாக விழுந்தன. வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதைவிட ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

"குதிரைக்கு இருக்கிற நுரையீரல்டி உனக்கு! ஒண்ணுமே இல்ல. நார்மல்."

காகிதத்தை மடித்து மகள் கையில் கொடுத்தாள். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதை அன்றைக்கு அவள் கவனிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் அந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு வாரம் போனது. மகள் மறுபடி சொன்னாள். "அதான் பார்த்தாச்சே, கண்ணு. ஒழுங்காச் சாப்பிட்டா எல்லாம் சரியாப் போகும்." மூன்றாவது தடவையும் சொன்னாள். "எத்தனை தடவ சொல்றது உனக்கு? மெஷின் பொய் சொல்லுமா?" அதற்கப்புறம் மகள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சரியாகிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஓட்டத்திலிருந்து மகள் நின்றுகொண்டாள். கேட்டதற்கு, "போரடிக்குது" என்றாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிற இரண்டு தோழிகளும் வருவது நின்றது. திங்கட்கிழமை என்றால் வயிற்றுவலி. தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். அறைக் கதவு எந்நேரமும் சாத்தியே கிடக்கும். முன்பெல்லாம் அம்மாவைப்போலவே ஊருக்குக் கேட்கப் பேசுகிறவள், கேட்டதற்கு மட்டும் "ம்" என்றாள்.

"வயசு அப்படி. நான்கூட இந்த வயசுல எங்கப்பா மூஞ்சியப் பார்த்துப் பேசினதில்ல" என்றார் கணவர்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நின்று காது கொடுப்பாள். உள்ளே பெருமூச்சுச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. காதல் விவகாரமோ, பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களோ, செல்போனில் ஏதாவது வில்லங்கமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். தட்டி, "என்னடா கண்ணு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்று பதில் வரும்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியபின், ஒரு நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னபோது, பாதி வாக்கியத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடியவள், கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லையாம். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற மேடம் வரச் சொன்னார். சின்ன வயதுப் பெண். மேஜைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் இரண்டு தண்ணீர் டம்ளரும் இருந்தன.

"உங்க பொண்ணு எந்நேரமும் ஒரு பயத்துலயே இருக்காங்க. சாகப் போறோம்னு தோணுதாம். மாடியில இருக்கிற லேபுக்குப் போகணும்னா முதல் நாளே தூக்கம் போயிடுதாம். நல்லாப் பார்க்க வேண்டிய விஷயம்" என்றார் மேடம். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "மூச்சுல ஏதாவது கோளாறு உண்டா அவங்களுக்கு?" என்று கேட்டார்.

"சேச்சே, இல்லைங்க. நான் ஆஸ்பத்திரியில அந்த வேலைதான் பார்க்கிறேன். நானே டெஸ்ட் பண்ணேன். எல்லாம் நார்மல்."

மேடம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். வாரம் ஒரு நாள் மகளை அனுப்பச் சொன்னார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ‘சாகப் போறோம்னு தோணுதாம்’ என்பது மட்டும் காதுக்குள் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. பதினைந்து வயதில் அது எப்படி ஒரு பிள்ளைக்குத் தோன்றும்? நாம் என்ன குறை வைத்தோம்?

அந்த மாதம்தான் டாக்டரம்மா ஓர் ஆய்வைத் தொடங்கினார். பதின்ம வயதுப் பிள்ளைகளை வரவழைத்து ஊத வைத்து, கூடவே மனசைப் பற்றி ஒரு கேள்வித்தாளையும் நிரப்பச் சொல்ல வேண்டும். "மூச்சு குறைவா இருக்கிற பிள்ளைங்ககிட்ட கவலையும் சோர்வும் அதிகமாத் தெரியுதுன்னு சிலர் எழுதியிருக்காங்க. நம்ம பிள்ளைங்ககிட்ட எப்படின்னு பார்ப்போம். எது எதை இழுக்குதுன்னு எனக்கும் தெரியாது" என்றார்.

பிள்ளைகள் ஊதிவிட்டுப் போன பிறகு தாள்களை அடுக்குவது அவள் வேலை. படிக்கக் கூடாது. படித்தாள். ‘மூச்சு வாங்குமோ என்று பயந்து நண்பர்களோடு வெளியே போகாமல் இருந்தது உண்டா?’ அடிக்கடி உண்டு. ‘நீங்கள் சொல்வதை வீட்டில் நம்புவதில்லை என்று தோன்றியது உண்டா?’ அடிக்கடி உண்டு. எந்தப் பிள்ளையின் கையெழுத்தோ, குட்டிக் குட்டியாக இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள். நம்ம வீட்டுப் பிள்ளைக்குத்தான் பார்த்தாயிற்றே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை கட்டடத்து லிஃப்ட் மறுபடி படுத்துக்கொண்டது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தவள் முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள். இரண்டாவது மாடி திருப்பத்தில், சுவரோடு சாய்ந்து, பையை மடியில் கட்டிக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஏறி இறங்கின.

"என்னடி ஆச்சு? ஏன் இங்க உக்காந்திருக்க?"

"ஒண்ணு... ஒண்ணுமில்லம்மா. நார்மல்தான்."

அந்த வார்த்தை அவளை அறைந்த மாதிரி இருந்தது. மகளின் முதுகைத் தடவப் போனவள், என்ன தோன்றியதோ, மண்டியிட்டு அந்த முதுகில் காதை வைத்தாள். உள்ளே மெல்லிசாக, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு விசில் சத்தம். ஒவ்வொரு மூச்சு வெளியேறும்போதும். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் நெஞ்சில் அவள் கேட்ட சத்தம்தான் அது.

"விரலெல்லாம் மரமரன்னு இருக்கும்மா. நான் செத்துடுவேனா?"

"இல்லடா. அம்மா இருக்கேன்ல" என்றாள். ஊரைக் கூட்டுகிற அவள் குரல் அன்றைக்கு அவளுக்கே கேட்கவில்லை. கணவருக்குப் போன் போட்டால் அவர் எங்கோ ஒரு லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது மாடிக்காரர் உதவிக்கு வர, இரண்டு பேருமாக மகளைத் தாங்கிப் பிடித்துப் படியிறங்கி, ஆட்டோவில் ஏற்றினார்கள். அவசரப் பிரிவில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் தோள்கள் இறங்கின.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "போன வருஷம் டெஸ்ட் எடுத்தப்ப அவ ஓடிட்டு வந்து ஊதினாளா, உக்காந்து ஊதினாளா?"

"உக்காந்துதான் டாக்டர். சனிக்கிழமை காலையில."

"ஓடினா மட்டும் சுருங்குற மூச்சுக்குழாய் உண்டுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். தெரியாமல் என்ன? அதற்கென்றே ஓடவிடுகிற மெஷின் பக்கத்து அறையில் இருக்கிறது. எத்தனையோ பேரை அதில் ஏற்றியிருக்கிறாள். தன் மகள் ‘ஓடி முடிச்சா’ என்று சொன்னது மட்டும் அவள் காதில் ஏறவில்லை. கோடு அழகாக வந்ததில் மயங்கிப் போய்விட்டாள்.

ஓடும் டெஸ்டுக்கு மகள் சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ இருக்கக் கூடாதும்மா. வேற யாராவது எடுத்தா வர்றேன்."

"ஏண்டா? என்னைவிட யாரு நல்லா..." என்று ஆரம்பித்தவள், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு உதவியாக வேலை பார்க்கிற இளம் டெக்னீஷியன் டெஸ்ட் எடுத்தாள். ஊதக்கா முதன்முறையாகத் தன் அறைக்கு வெளியே, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே மெஷின் சுழல்கிற சத்தம். காலடிச் சத்தம் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடித்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். விழுந்துவிடுவாளோ? அன்றைக்கு மாதிரி உதடு வெளுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தாள். வார்த்தை கொடுத்தாயிற்று. திரும்ப உட்கார்ந்தாள். நாலு. ஐந்து. காலடிச் சத்தம் தடுமாறுகிற மாதிரி இருந்தது. இல்லை, அவள் நெஞ்சுதான் அப்படி அடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெரியவர், "உங்களுக்கும் இழுப்பாம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைத்தது.

ஓட்டம் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து ஊதல். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. இளம் டெக்னீஷியனுக்கு அவ்வளவாகச் சத்தம் வராது. "ஊதும்மா, ஊதும்மா" என்று பூப்போலச் சொன்னாள். அதற்கப்புறம் மருந்து கொடுத்து மறுபடி ஊதல். ஒரு வழியாகக் கதவு திறந்தது.

"அக்கா, நீங்களே வந்து பாருங்க."

ஓடுவதற்கு முன் ஊதிய முதல் கோடு அதே பழைய அழகான கோடு. பத்தாவது நிமிடத்துக் கோடு கரண்டியால் தோண்டி எடுத்த மாதிரி உள்ளே குழிந்திருந்தது. கால் பங்கு மூச்சு காணாமல் போயிருந்தது. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் வியர்த்து விறுவிறுத்து, நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லலதானே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"நீ பொய் சொல்லலடா. நான்தான் காது கொடுக்கல" என்றாள் அம்மா. கட்டிப்பிடிக்கப் போனாள். மகள் தள்ளவில்லை, இறுக்கிக்கொள்ளவும் இல்லை. துண்டில் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா தினமும் இழுக்க ஒரு மருந்தும், மூச்சடைத்தால் இழுக்க இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார். வாசலில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்த கணவர், "அப்ப மனசுல ஒண்ணுமில்ல, எல்லாம் இந்த மூச்சாலதான், இல்லைங்களா டாக்டர்?" என்று முகம் மலர்ந்து கேட்டார். அவளும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தாள்.

"ஏன் ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்?" என்றார் டாக்டரம்மா. "ஒன்றரை வருஷமா மூச்சு எப்ப நிக்குமோன்னு பயந்து வாழ்ந்திருக்கா. அந்தப் பயம் இப்ப தனியா வேர் பிடிச்சிருக்கு. பயந்தா மூச்சு வேகமாகும், வேகமானா நெஞ்சு இறுகும், இறுகினா இன்னும் பயம். மருந்து குழாயத் திறக்கும். பயத்துக்கு அந்தப் பள்ளிக்கூட மேடத்த விட்டுடாதீங்க."

டாக்டரம்மா சொன்னது போலத்தான் நடந்தது. ஒரு மாதத்தில் நெஞ்சு தெளிந்துவிட்டது. திங்கட்கிழமை வயிற்றுவலி தெளியவில்லை. இந்த முறை அம்மா எதையும் கோட்டை விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். காலையும் மாலையும் ஊதிப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி வந்தாள். நோட்டுப் போட்டு எழுதினாள். மகள் இருமினால் ஓடி வந்தாள். பள்ளி இடைவேளையில் போன் போட்டாள். "மூச்சு எப்படி இருக்கு? மருந்து பையில இருக்கா? படியில மெதுவா ஏறினியா?"

மூன்றாவது வாரம் மகள் அந்தக் கருவியை எடுத்து குப்பைக் கூடையில் போட்டாள்.

"முன்னாடி நான் சொன்னா நம்ப மாட்ட. இப்ப நான் நல்லா இருக்கேன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கிற!"

கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா பள்ளி மேடத்திடம் போய்க் கொட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம், "நீங்க கடைசியா எப்பம்மா நிம்மதியாத் தூங்குனீங்க?" என்று கேட்டார். யாருமே கேட்காத கேள்வி. அவள் பெட்டியிலிருந்து காகிதக் கைக்குட்டையை உருவிக்கொண்டாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் முடிவானது. அம்மா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். மகள் ஒரு வரியாவது பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு தடவையை எப்போது செலவழிப்பது என்று அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையிலேயே கேட்டுவிட்டால் நாள் பூராவும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டால் அதுவரை நெருப்பில் நிற்கிற மாதிரி. போகப் போகப் பழகியது. சில நாள் கேட்க மறந்தும் போனாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கூச்சல் குறையவில்லை. ஆனால் ஒரு பிள்ளை ஊதிக் கோடு அழகாக வந்துவிட்டால், காகிதத்தை உடனே நீட்டுவதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சரி, உனக்கு எப்பெப்ப கஷ்டமா இருக்கு? சொல்லு" என்று கேட்கிறாள். சில பிள்ளைகள் கூட வந்த அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்க்கும். அவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்கிறாள். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மகள் மறுபடி ஓட்டக் குழுவில் சேரவில்லை. அவள் இடத்தில் வேறொரு பெண் ஓடுகிறாள். தோழிகளில் ஒருத்தி திரும்ப வந்தாள், ஒருத்தி வரவேயில்லை. பரீட்சை வந்த வாரம் மறுபடி மோசமானது. இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை.

அந்த இரண்டாவது நாள் மத்தியானம், அவள் லீவு போட்டுவிட்டு அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அறைக் கதவு தானாகத் திறந்தது. மகள் வந்து வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, ஒரு மாதிரியா இருக்கு. நெஞ்சா பயமான்னு தெரியல."

கையைக்கூடத் துடைக்காமல் ஓடி மருந்தை எடுக்கத்தான் அவளுக்குக் கால் பரபரத்தது. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் தெரியல" என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. வா, இப்படி உக்காரு. ரெண்டு பேருமாப் பார்ப்போம்."

மகள் கீழே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு இழுப்பு மருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு மேடம் சொல்லிக் கொடுத்தபடி மெதுவாக மூச்சை விட்டாள். அம்மாவும் விட்டாள். கால் மணி நேரத்தில் தணிந்தது. எதனால் தணிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"பசிக்குது" என்றாள் மகள்.